நடந்து பார்த்தவள்

அந்தப் பெண்ணின் ஷூவைப் பார்த்தே அன்றைக்கு எந்தப் பக்கம் போய்விட்டு வந்தாள் என்று சொல்லிவிடுவேன். செம்மண் ஒட்டியிருந்தால் பண்ருட்டிப் பக்கம். கறுப்புக் களி அப்பியிருந்தால் புவனகிரி, கீரப்பாளையம். மணல் உதிர்ந்தால் முதுநகரைத் தாண்டிக் கடலோரம். கேபிள் ரூமுக்குள் வெளிச்செருப்பு ஆகாது. வாசலிலே கழற்றிவிட்டு சாக்ஸோடு உள்ளே போவாள். ஷூவை நான் எடுத்து ஓரமாக வைக்கப் போனால் ஓடி வந்து பிடுங்கிக்கொள்வாள்.

"நீங்க தொடாதீங்க அத்த. என் சேறு, நான் பாத்துக்கறேன்."

பெயரைச் சொல்ல மாட்டேன். எங்காவது வேலை தேடிக்கொண்டிருப்பாள். நான் எழுதி அவளுக்கு இன்னொரு கதவு மூடவேண்டாம். அண்ணாகிராமத்துப் பக்கம் முந்திரித் தோப்புக்காரர் வீட்டுப் பெண். மெலிந்த உடம்பு, தோளில் குடை, கையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதுகிற மாதிரி நாற்பது பக்க நோட்டு. அவ்வளவுதான் அடையாளம்.

கடலூருக்கு வெளியே இருந்த அந்தக் கட்டடத்தில் எட்டு வருடம் நான் சுத்தம் செய்யும் வேலை பார்த்தேன். வெளியிலிருந்து பார்த்தால் ஜன்னல் வைக்க மறந்த கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும். ஊரில் உள்ள கடைகள், காலேஜுகள், ஆஸ்பத்திரிகள் எல்லாம் தங்கள் கம்ப்யூட்டர் பெட்டிகளைக் கொண்டுவந்து அங்கே வாடகைக்கு வைத்திருந்தார்கள். கரண்டு, குளிர், காவல் மூன்றும் கட்டடம் கொடுக்கும். ஆனால் பெட்டி வெளியே பேச வேண்டுமே, அதற்கான லைனைக் கட்டடம் விற்காது. நாலைந்து கம்பெனிகளின் ஃபைபர் கேபிள் பூமிக்கு அடியில் வந்து ஒரு ரூமில் கூடும். வாடகைக்காரர் தனக்கு வேண்டிய கம்பெனியைப் பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டியது. ஒன்று போதும் என்பவருக்கு ஒன்று. ஒன்று அறுந்தால் என்ன ஆவது என்று பயப்படுகிறவருக்கு இரண்டு கம்பெனியிலிருந்து இரண்டு. எல்லாரும் சேர்கிற பொதுப் பெட்டியில் ஒரு இடம் கேட்டால் அதுவும் உண்டு. எதை எடுத்தாலும் அந்தப் பெண் ஒரு மஞ்சள் கேபிளைக் கம்பெனிப் பெட்டியிலிருந்து வாடகைக்காரர் பெட்டிக்குச் செருகிவிடுவாள். கட்டடத்தின் வேலை அதோடு முடிந்தது.

"நாம எந்தக் கம்பெனி பக்கமும் கெடையாது" என்று மேனேஜர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அதையே பெரிய போர்டாக எழுதியும் மாட்டியிருந்தார்.

கம்பெனிகளை எனக்குப் பெயர் வைத்துத் தெரியாது, குழாயின் நிறத்தை வைத்துத் தெரியும். ஆரஞ்சுக்காரன், நீலக்காரன். இன்னொருவன், பெரிய கரண்டுக் கோபுரங்களின் உச்சியில் லைனைக் கட்டிக்கொண்டு வருகிறவன். அவனைக் கோபுரத்துக்காரன் என்போம்.

அங்கே எல்லாருக்கும் நான் ஆயா. "ஆயா, இங்க ஒரு தூசி." "ஆயா, தள்ளு." நான் யாருக்கு ஆயா? நாலு ஏக்கர் வைத்துப் பயிர் செய்த வீட்டு மருமகள். காலம் இப்படிக் கொண்டுவந்து நிறுத்தியது, நிற்கிறேன். அதற்காக முறை கெட்டுப் போகுமா? இவள் வந்த முதல் நாளே கேட்டாள்.

"உங்கள எப்டிக் கூப்புடட்டும்?"

"வாய்ல மரியாத இருந்தா எப்டி வேணா கூப்புடு."

"அத்தன்னு கூப்புடறேன். எங்க ஊர்ல பெரியவங்கள அப்டித்தான்."

அன்றிலிருந்து அவள் எனக்குப் பொண்ணு.

அவளுக்கு ஒரே ஒரு குணம்தான். மற்றதெல்லாம் அதிலிருந்து கிளைத்தது. எவன் எதைச் சொன்னாலும் "நடந்து பாத்தாச்சா?" என்று கேட்பாள். காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினால் நம்ப மாட்டாள். கம்பெனிக்காரன் வரைபடத்தை மேஜையில் விரித்து, "மேடம், நம்ம லைன் இப்டி வருது" என்று விரலை ஓட்டுவான். இவள் ஆகட்டும் என்று தலையாட்டிவிட்டு, லீவு நாளில் குடையை எடுத்துக்கொண்டு அந்தக் கோட்டின் மேலேயே நடப்பாள். ரோட்டோரம் கம்பெனிகள் நட்டிருக்கும் சின்னக் கல்லை எண்ணிக்கொண்டு, வாய்க்கால், பாலம், புளியமரம் எல்லாவற்றையும் பென்சிலால் நோட்டில் வரைந்துகொண்டு போவாள். பசித்தால் மடியில் இருக்கும் முந்திரியை மெல்லுவாள். பெண்பிள்ளை தனியாக ரோட்டோரம் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு போனால் ஊர் சும்மா இருக்குமா? காணாமல் போன கொலுசைத் தேடுகிறாள் என்றார்கள். நிலத்தை அளந்து பிடுங்க வந்தவள் என்று ஒரு ஊரில் மறித்தே வைத்துவிட்டார்களாம். மோர் கொடுத்தவர்களும் உண்டு. கீரப்பாளையத்தில் வீடுகளுக்கு டிவி லைன் இழுக்கும் ஆள் ஒருவரை அப்படித்தான் பழக்கம் பிடித்தாள். மச்சான், மச்சான் என்று ஊரே கூப்பிடும் ஆள். இவள் மட்டும் அண்ணன் என்பாள்.

அவள் பேச்சு எனக்கு முதலில் புரியவில்லை. ஒருநாள் எங்கள் கட்டடத்தில் டீ வரவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கடை, இந்தப் பக்கம் ஒரு கடை. இரண்டிலும் டீ இல்லை. மேனேஜர் கத்துகிறார்: "ரெண்டு கடை இருந்து என்னய்யா பிரயோஜனம்?" இவள் சிரிக்காமல் சொன்னாள்:

"ரெண்டு கடைக்கும் ஒரே பால்காரர் சார். அவரு மாடு கன்னு போட்டிருக்கு. நான் போன மாசமே நடந்து பாத்துட்டேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. இரண்டு என்று சொல்லிக்கொள்கிறார்களே, அது எங்கே போய் ஒன்றாகிறது என்றுதான் இவள் தேடுகிறாள் என்று அன்றைக்கு விளங்கியது.

கல்யாண விஷயத்திலும் அப்படியே. மாப்பிள்ளைக்கு வேலையும் உண்டு, வீட்டு வாடகையும் வருகிறது என்று தரகர் சொன்னாராம். இவள் அந்தத் தெருவில் குடை பிடித்துக்கொண்டு ஒரு நடை போய், ரேஷன் கடையில் விசாரித்திருக்கிறாள். வேலை அவன் மாமாவின் கம்பெனியில், வீடும் அந்த மாமாவின் வீடு. "மாமா கோச்சிகிட்டா ரெண்டும் போயிடும்ப்பா" என்று அப்பாவிடம் சொல்லி முறித்துவிட்டாள். அவளுக்கு முப்பத்தாறு வயது. அவள் அம்மா எனக்கே போன் போட்டு அழுதாள். "எதையாவது நம்பச் சொல்லுங்கம்மா அவள."

நானும் சொன்னேன். "எல்லாத்தயும் காலால அளந்தா வாழ முடியாது பொண்ணு."

"அளக்காம வாழ எனக்கு பயமா இருக்கு அத்த."

என் தங்கச்சி வீடு கீரப்பாளையத்தில். அவளுக்குக் கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம். கீரப்பாளையம் தாண்டி சிதம்பரம் போகிற ரோட்டில் ஒரு ஆஸ்பத்திரி வந்தது. ஸ்கேன் மிஷின் வாங்கிப் போட்டிருந்தார்கள், படம் பார்த்துச் சொல்கிற டாக்டர் பாண்டிச்சேரியில். படம் கடலூரில் எங்கள் கட்டடத்துப் பெட்டிக்கு வந்து, அங்கிருந்து டாக்டருக்குப் போகும். ஆஸ்பத்திரிக்காரர்கள் லைன் எடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கச்சியைப் பார்க்க நான் கிளம்பினேன். "நானும் வரேன் அத்த, அந்தப் பக்கம் கொஞ்சம் நடக்கணும்" என்று சேர்ந்துகொண்டாள். சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் ஆஸ்பத்திரியை நோக்கி ரோட்டோரமாக நடந்தோம். இரண்டு பக்கமும் நாற்று நட்ட வயல்.

ஆரஞ்சுக்காரன் லைன் புவனகிரி வழி. நீலக்காரன் லைன் சேத்தியாத்தோப்பைச் சுற்றிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தான். ஆஸ்பத்திரிக்கு அரை மைல் முன்னால் ஒரு சின்ன வாய்க்கால் பாலம். அவள் ஷூவைக் கழற்றிவிட்டுச் சரிவில் இறங்கினாள். என்னையும் கையைப் பிடித்து இறக்கினாள். பாலத்தின் விலாவில் கை தடிமனுக்கு ஒரு இரும்புக் குழாய் அடித்திருந்தது. அதன் வாய்க்குள் ஒரு ஆரஞ்சுக் குழாயும் ஒரு நீலக் குழாயும் ஒட்டிக்கொண்டு நுழைந்தன. அக்கரையில் அப்படியே ஒட்டிக்கொண்டு வெளியே வந்தன.

"யாரோ ஒருத்தன் ஓட்ட போட்டிருக்கான். இன்னொருத்தன் அதுலயே வாடகைக்கு வுட்டுட்டான்" என்றாள். "அவ்ளோ தூரம் வேற வேற ரோட்ல வந்துட்டு, இந்தப் பத்தடில ஒண்ணாப் பூட்டுது பாருங்க."

பாலத்துக் கட்டைமேல் உட்கார்ந்தாள். முந்திரியைப் பிரித்தாள், தின்னவில்லை. தூரத்தில் வயலுக்கு நடுவே கரண்டுக் கோபுரங்கள் கால் அகட்டி நின்றன. அவள் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோபுரத்துக்காரன எடுத்தா இந்தப் பாலமே வேணாம் அத்த. அவன் லைன் எறங்கற சப்ஸ்டேஷன்லருந்து ஆஸ்பத்திரிக்குக் கூப்புடு தூரம்தான்."

"அப்போ அத அவங்ககிட்ட சொல்லு."

"சொல்லக் கூடாது."

அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள். எந்தக் கம்பெனியின் பாதையையும் வாடகைக்காரரிடம் சொல்லக்கூடாது, இவனை எடு, அவனை எடுக்காதே என்று வாய் திறக்கக்கூடாது. திறந்தால் கட்டடத்தின் பெயர் போகும். மேனேஜருக்கு மெயில் எழுதினாள். "கதவத் தொறந்துவுடறதுதான் நம்ம வேல, ரோட்டக் காட்டறது இல்ல" என்று பதில் வந்தது.

ஆஸ்பத்திரிக்காரர் கையெழுத்துப் போட வந்த அன்று நான் கேபிள் ரூமில் தூசி உறிஞ்சும் மிஷினோடு இருந்தேன். வெள்ளைச் சட்டை, நல்ல சென்ட் வாசனை. "ஆரஞ்சு ஒண்ணு, நீலம் ஒண்ணு. ரெண்டு கம்பெனி, ரெண்டு வழி. நமக்கு பயம் இல்ல பாருங்க மேடம்" என்றார்.

"நடந்து பாத்தீங்களா சார்?" என்றாள்.

"என்னது?"

"லைன் வர்ற வழிய ஒருதரம் நடந்து பாத்தீங்களா?"

"மேப்பு குடுத்திருக்கான் மேடம்."

"இருந்தாலும் நடந்து பாருங்க சார். கையெழுத்த நாளைக்கிப் போடலாம்."

அவர் சிரித்தார். "ஆஸ்பத்திரி நடத்தறதா, ரோடு அளக்கறதா?" மேனேஜரும் கூடச் சிரித்தார். அவள் மூன்றாவது முறையும் கேட்டாள். அதற்குமேல் கேட்க அவளுக்கு வழி இல்லை.

எனக்கு இருந்தது. நான் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டவள் இல்லை. பாலத்துக்கு அடியில் இறங்கி என் கண்ணால் பார்த்தவள். மிஷினை நிறுத்திவிட்டு ஒரு அடி முன்னால் வைத்தேன். பேச வாயும் எடுத்துவிட்டேன். அதற்குள் அந்த ஆள் திரும்பி, "ஆயா, அந்தாண்ட தள்ளு, ஒயர் கால்ல மாட்டுது" என்றார்.

ஆயா.

போ, உன் தலையெழுத்து என்று மிஷினை மறுபடி போட்டேன். அந்தச் சத்தத்தில் அவர் கையெழுத்துப் போட்டார். பெண் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

அடுத்த ஐப்பசி மழை ஐந்து நாள் விடாமல் அடித்தது. எங்கள் வேன் மட்டும் எப்படியோ கட்டடம் வந்து சேர்ந்தது. காலை எட்டு மணி இருக்கும், தங்கச்சி மகன் போன் போட்டான்.

"பெரிம்மா, அம்மாவுக்கு வாய் கோணிப் போச்சி. ஆறரைக்கு காப்பி டம்ளர் கைலருந்து வுழுந்துச்சி, அப்புறம் வலது கை தூக்கல. டிராக்டர்ல போட்டு ஆஸ்பத்திரி வந்துட்டோம். ஸ்கேன் எடுத்துட்டாங்க."

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"ஊசி இருக்குதாம். பதினோரு மணிக்குள்ள போடணுமாம். ஆனா படத்தப் பாக்காம போட மாட்டாங்களாம். அடப்பா ரத்தக் கசிவான்னு தெரியாம போட்டா ஆளே பூடுமாம். படம் போவல பெரிம்மா! லைன் இல்லங்கறாங்க."

"வேற ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கடா!"

"எங்கத் தூக்கறது? சிதம்பரம் பக்கம் இடுப்பளவு தண்ணி ரோட்ல இழுக்குது. இந்தப் பக்கம் வாய்க்கா பாலம் நாங்க தாண்டனதும் பேத்துகினு பூட்டுது."

வாய்க்கால் பாலம். போனோடு கேபிள் ரூமுக்கு ஓடினேன். செருப்போடு ஓடினேன். அவள் அந்த ஆஸ்பத்திரிப் பெட்டிக்கு முன்னால்தான் நின்றாள். இரண்டு விளக்கும் செத்திருந்தன. நான் சொல்லி முடிக்கும் முன்பே போனை என் கையிலிருந்து வாங்கினாள்.

"தம்பி, படத்தப் போன்ல போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா?"

"நெட்டே இல்லக்கா. செல் டவர் நெட்டும் அந்த லைன்தானாம். பேச்சு மட்டும் வருது."

அவள் தன் போனில் கீரப்பாளையத்து டிவி லைன் ஆளைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, உங்ககிட்ட ஃபைபர் சுருள் இருக்கா? தூக்கிகிட்டு சப்ஸ்டேஷன் போங்க. கோபுரத்துக் கம்பெனி ஆளு அங்கதான் மழைல மாட்டிகிட்டு இருக்காரு, நான் பேசறேன். அங்கருந்து ஆஸ்பத்திரிக்கு இழுங்க. வயல் வழியா இழுங்க, மரத்து மேல இழுங்க, எப்டியாவது இழுங்க."

"தண்ணி மார்பு வரைக்கும் நிக்கிதும்மா."

"ஒரு உசுருண்ணே."

"இழுத்துடறேன், போன வைம்மா."

அவள் மஞ்சள் கேபிள் ஒன்றை உறையிலிருந்து பிரித்தாள். கோபுரத்துக்காரன் பெட்டியில் ஒரு முனை, ஆஸ்பத்திரிப் பெட்டியில் மறுமுனை. மேனேஜர் வாசலில் வந்து நின்றார்.

"ஆர்டர் இருக்கா?"

"இல்ல சார்."

"ஆஸ்பத்திரிக்காரன் கேட்டானா? அந்தக் கம்பெனி லெட்டர் குடுத்திருக்கானா? நீயா ஒருத்தன் லைன எடுத்து இன்னொருத்தனுக்கு மாட்டுவியா? கேமரா பாத்துகிட்டு இருக்கு."

"பாக்கட்டும் சார்."

செருகினாள். இரண்டு முறை தவறி மூன்றாவது முறை உட்கார்ந்தது.

அதற்கப்புறம் காத்திருப்பதுதான். ஒன்பது ஆனது. பத்து ஆனது. டிவி லைன் ஆள் நடுநடுவே கூப்பிட்டார். பாம்பு என்றார், முள்வேலி என்றார், ஒருமுறை சுருள் தண்ணீரில் போய்விட்டது, மறுபடி பிடித்துவிட்டேன் என்றார். அந்தக் குளிரில் அவள் தரையில் உட்கார்ந்து செத்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். அவள் தன் மாதாவைக் கூப்பிட்டாள், உதடு மட்டும் அசைந்தது. பத்தே முக்கால். பதினொன்று. தங்கச்சி மகன் போனை வைக்கவே இல்லை. அவன் அழுவது ஒன்றுதான் கேட்டுக்கொண்டிருந்தது.

விளக்கு பச்சையாக எரிந்தபோது பதினொன்று இருபத்தைந்து.

படம் போயிற்று. பாண்டிச்சேரி டாக்டர் பார்த்தார். அடைப்புதான், ஊசி போட்டிருந்தால் கரைந்திருக்கும், இனி போட்டால் ஆபத்து என்றார். அவ்வளவுதான்.

தங்கச்சி பிழைத்தாள். வலது பக்கம் வரவில்லை. பேச்சும் வரவில்லை. என்னைப் பார்த்தால் "ம்ம்" என்பாள், அதற்குமேல் கண்ணில் நீர்தான்.

பெண்ணுக்கு அந்த வாரமே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். கட்டடத்துக்குப் பக்கம் இல்லை என்று போர்டு சொல்கிறது, இவள் பக்கம் எடுத்துவிட்டாள் அல்லவா? போவதற்கு முன் தங்கச்சி வீட்டுக்கு வந்தாள். பாலம் உடைந்து கிடந்ததால் சிதம்பரத்திலிருந்து பஸ் இல்லை. சுற்றுவழியில் நடந்தே வந்திருந்தாள். ஷூ முழுக்கக் கறுப்புக் களி. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தங்கச்சியின் வராத கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் வாயத் தொறந்திருக்கணும் அத்த. வேல போனா போவுதுன்னு அன்னிக்கே சொல்லியிருக்கணும். பாத்தவ நான் ஒருத்திதான?"

நான் ஒருத்திதானே என்றாள். சொல்லிவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வேண்டுமென்றே என்னை விட்டுவிட்டாளா, நிஜமாகவே மறந்துவிட்டாளா, இன்றுவரை தெரியவில்லை. இல்லை பொண்ணு, நானும்தான் பார்த்தேன், எனக்கு எந்தக் காகிதமும் வாயைக் கட்டவில்லை, ஒரு சொல்லுக்குக் கோபித்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன் என்று நான் சொல்லவேண்டிய இடம் அது. தங்கச்சி மகன் பக்கத்தில் நின்றான். "காப்பி குடிச்சிட்டுப் போ" என்றேன். குடித்தாள். போனாள். வாசலில் அவள் விட்டுப்போன களியை நான்தான் கழுவினேன்.

மறு வருடம் பாலத்தைப் புதிதாகக் கட்டினார்கள். சிதம்பரம் வழியாகத் தங்கச்சியைப் பார்க்கப் போகையில் பஸ் அங்கே நின்றது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். பாலத்தின் விலாவில் பளபளவென்று ஒரே ஒரு இரும்புக் குழாய். ஆட்கள் அதற்குள் ஒரு ஆரஞ்சுக் குழாயையும் ஒரு நீலக் குழாயையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

இறங்கிவிட்டேன். அவள் நம்பருக்குப் போட்டேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது. இன்னொருமுறை போட்டேன். பொக்லைன் மிஷின் மண்ணை அள்ளிக்கொண்டு குழாய் இறங்கும் பள்ளத்தை மூட வந்தது. அதற்கு நேராகப் போய் நின்றேன்.

"ஏம்ப்பா, ரெண்டயும் ஒரே குழாய்ல வுடறீங்களே!"

"ஆயா, ஓரமாப் போங்க."

"போவ மாட்டேன்."

ஹாரன் அடித்தான். மறுபடி அடித்தான். மேலே ஏறி உட்கார்ந்திருந்த அந்த முகம் தெரியாத ஆளைப் பார்த்து, அவளிடம் சொல்லவேண்டியதைச் சொன்னேன்.

"நானும் பாத்தேன்ப்பா. அன்னிக்கே எறங்கிப் பாத்தேன்."